நான்காவது இருக்கை

ஒருவருடைய பண்பை அளந்தறிய வேண்டுமாயின் அவரை எங்கே காண வேண்டும்? வழிபாட்டுக் கூடத்தில் எல்லோரும் அமைதியாகவே அமர்ந்திருக்கிறார்கள். விருந்தினர் வந்திருக்கும் வீட்டில் எல்லோரும் இனிமையாகவே பேசுகிறார்கள். மேலதிகாரியின் முன்னிலையில் பணிவு தானாகவே வந்துவிடுகிறது. இவ்விடங்களில் எல்லாம் முகம் தெரியும், பெயர் தெரியும், நற்பெயர் கெட்டுவிடுமோ என்ற அச்சமும் உண்டு. பெயர் தெரியாத, இனி ஒருமுறை சந்திக்கப் போவதும் இல்லாத ஒருவரிடம் மனிதன் எவ்வாறு நடந்துகொள்கிறான் என்பதில்தான் அவனுடைய இயல்பான பண்பு வெளிப்படுகிறது.

அத்தகைய சோதனைக்கூடம் ஒன்று மும்பை மாநகரில் நாள்தோறும் விடியற்காலை தொடங்கி நள்ளிரவு கடந்தும் நடந்துகொண்டிருக்கிறது. அதன் பெயர் லோக்கல் ரயில்.

தண்டவாளங்களுக்கு இடையே ஒரு தமிழகம்

இந்தியாவின் முதல் பயணியர் ரயில் 1853-ஆம் ஆண்டு ஏப்ரல் 16-ஆம் நாள் மும்பை போரிபந்தரிலிருந்து தாணே வரை ஏறத்தாழ 34 கிலோமீட்டர் தூரம் ஓடியது. நாட்டின் முதல் மின்சார ரயிலும் இந்நகரில்தான், 1925-ஆம் ஆண்டு பிப்ரவரி 3-ஆம் நாள், விக்டோரியா டெர்மினஸிலிருந்து குர்லா வரை இயக்கப்பட்டது. இன்று மும்பைப் புறநகர் ரயில்கள் நாளொன்றுக்குப் பல லட்சக்கணக்கான மக்களைச் சுமந்து செல்கின்றன. நெரிசல் மிகுந்த வேளைகளில் ஒரு சதுர மீட்டர் இடத்தில் பதினான்கு முதல் பதினாறு பேர் வரை நிற்பதாக ரயில்வே துறையினரே கணக்கிட்டுள்ளனர். அதற்கென்று நெரிசலின் அளவையில் தனியொரு பெயரையே அவர்கள் உண்டாக்க வேண்டியதாயிற்று.

மும்பைத் தமிழர் வாழ்வும் இத்தண்டவாளங்களை ஒட்டியே வளர்ந்தது. திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் தொழிலுக்காக வந்தவர்கள் வேரூன்றிய தாராவி, கிழக்கே சயான் நிலையத்துக்கும் மேற்கே மாஹிம் நிலையத்துக்கும் நடுவில் அமைந்துள்ளது. கோயில்களும் பள்ளிகளும் பூக்கடைகளும் நிறைந்த மாட்டுங்காவிலிருந்து மத்திய ரயில் பாதைக்கும், மேற்கு ரயில் பாதைக்கும், கிங்ஸ் சர்க்கிள் வழியாகத் துறைமுகப் பாதைக்கும் நடந்தே செல்லலாம். மாட்டுங்காவில் இடம் போதாமல் அடுத்த தலைமுறையினர் பலர் குடியேறிய செம்பூரும் துறைமுகப் பாதையில் உள்ள நிலையமே. ஆகவே இப்பகுதிகளில் வாழும் ஒரு தமிழ்க் குடும்பத்துக்கு ரயில் பெட்டி என்பது வீட்டின் இன்னொரு அறையைப் போன்றது. அந்த அறையில் மட்டும் உடன் இருப்பவர்கள் நாள்தோறும் மாறிக்கொண்டே இருக்கிறார்கள்.

மூவர் இடத்தில் நால்வர்

இரண்டாம் வகுப்புப் பெட்டியின் நீள இருக்கை மூவர் அமர்வதற்காகச் செய்யப்பட்டது. சன்னலோரம் ஒருவர், நடுவில் ஒருவர், ஓரத்தில் ஒருவர். ஆனால் மும்பையில் அந்த இருக்கையில் நால்வர் அமர்வது வழக்கம். நின்றுகொண்டிருக்கும் ஒருவர், "தோடா சரகோ" என்று மெல்லக் கேட்பார். அல்லது கையால் ஒரு சிறு சைகை காட்டுவார். அமர்ந்திருக்கும் மூவரும் ஒரு சொல்லும் பேசாமல் சற்றே நகர்ந்துகொள்வார்கள். நான்காமவர் பாதி உடல் இருக்கையிலும் பாதி உடல் நடைபாதையிலுமாக அமர்வார். சன்னலோரத்தில் இருப்பவர் இறங்கியதும் மற்றவர்கள் ஒவ்வோர் இடம் உள்ளே நகர, நான்காமவர் மூன்றாமவர் ஆகிவிடுவார். நின்றுகொண்டிருந்த வேறொருவர் நான்காமவர் ஆவார்.

இது எந்தச் சட்டப் புத்தகத்திலும் எழுதப்படவில்லை. மூவருக்கான கட்டணத்தில் நால்வர் என்று எந்த அறிவிப்புப் பலகையும் சொல்வதில்லை. இடத்தைப் பிடித்தவர்கள் தங்கள் வசதியில் ஆளுக்குக் கால் பங்கைத் துறந்து, இடமற்ற ஒருவருக்கு ஓர் இடம் உண்டாக்குகிறார்கள். துறந்தவர் யாரும் தம்மைத் தியாகி என்று எண்ணிக்கொள்வதில்லை. பெற்றவரும் நன்றியுரை ஆற்றுவதில்லை. நேற்றுத் தாம் நின்றதும் நாளை தாம் நிற்கப்போவதும் எல்லோருக்கும் தெரியும். பிறருடைய கால் வலியைத் தன் கால் வலியாக உணர்வதற்குப் பெரிய நூலறிவு தேவையில்லை என்பதை இந்த வழக்கம் காட்டுகிறது.

இன்னும் ஒரு படி மேலே செல்பவர்களும் உண்டு. நீண்ட தூரம் செல்லும் ரயில்களில், பாதி வழி வரை அமர்ந்து வந்தவர் எழுந்து, அதுவரை நின்று வந்தவரை அமரச் செய்வது நாள்தோறும் உடன் பயணம் செய்வோரிடையே காணப்படும் நல்ல வழக்கமாகும்.

சொல்லாமல் சொல்லும் விதிகள்

நற்பண்பு என்பது புன்னகையும் இன்சொல்லும் மட்டுமே என்று கருதுவோர் பலர். ரயில் பெட்டியில் அதற்கு உடலாலும் நேரத்தாலும் ஆன ஒழுங்கு ஒன்று தேவைப்படுகிறது. அவ்வொழுங்கின் ஒவ்வொரு விதிக்கும் ஒரு காரணம் உண்டு.

ஒரு நிலையத்தில் லோக்கல் ரயில் நிற்பது பெரும்பாலும் அரை நிமிடத்துக்குள்தான். அதற்குள் இறங்குவோர் இறங்கி, ஏறுவோர் ஏற வேண்டும். இறங்குவோருக்கு வழிவிடாமல் முதலில் ஏற முயல்பவர், தமக்கு வேண்டிய இடத்தைத் தாமே அடைத்துக்கொள்கிறார். உள்ளே இருப்பவர் வெளியேறினால்தான் அங்கே இடம் உண்டாகும் என்ற எளிய உண்மையை அவசரம் மறைத்துவிடுகிறது.

தாதரில் இறங்க வேண்டியவர் ஓரிரு நிலையங்களுக்கு முன்பே எழுந்து வாயிலை நோக்கி நகரத் தொடங்குவார். தமக்கு முன்னால் நிற்பவரிடம், "தாதர் உதர்னா?" என்று கேட்பார். அவரும் அங்கேயே இறங்குபவராயின் பின்னால் நின்றால் போதும். இல்லையெனில் இருவரும் இடம் மாறிக்கொள்வார்கள். இரண்டு சொற்களில் அமைந்த இந்தக் கேள்வி முழங்கையின் வேலையைச் செய்துவிடுகிறது. கேட்காமல் தள்ளுபவரும் முடிவில் இறங்கிவிடுகிறார்தான். ஆனால் வழியில் நான்கு பேருடைய கால்களும் மனங்களும் மிதிபடுகின்றன.

முதுகில் மாட்டிய பை, மாட்டியவருடைய கண்ணுக்குத் தெரிவதில்லை. அவர் திரும்பும்போதெல்லாம் அது பின்னால் இருப்பவருடைய முகத்திலோ, ஒரு குழந்தையின் தலையிலோ இடிக்கிறது. அதனால்தான் பழகிய பயணிகள் பெட்டியில் ஏறும் முன்பே பையைக் கழற்றி மார்பின் மீது மாட்டிக்கொள்கிறார்கள். அல்லது மேலேயுள்ள கம்பித் தட்டில் வைக்கிறார்கள். தட்டுக்குக் கை எட்டாதவருடைய பையை வாங்கி வைப்பதும், இறங்கும்போது எடுத்துக் கொடுப்பதும் அருகில் அமர்ந்திருப்பவருடைய கடமையாகவே கருதப்படுகிறது. தனக்குப் பின்னால் என்ன நேர்கிறது என்பதைத் தானே அறிந்துகொள்ளும் பழக்கம், பையிலிருந்து தொடங்கி வாழ்க்கை முழுவதற்கும் பயன்படுவதாகும்.

பேருந்து நிறுத்தங்களிலும் இந்த ஒழுங்கைக் காணலாம். மும்பையில் 1926-ஆம் ஆண்டு ஜூலை 15-ஆம் நாள் பேருந்துப் போக்குவரத்து தொடங்கியது. அதன் நீண்ட வரலாற்றில் மும்பை மக்கள் பெற்ற நற்பெயர்களுள் ஒன்று, கண்காணிப்பவர் இல்லாவிடினும் வரிசையில் நிற்பது. வெளியூரிலிருந்து வருபவர் முதலில் வியப்பதும், பிறகு தாமும் கற்றுக்கொள்வதும் இதைத்தான். வரிசை என்பது வலுத்தவனுக்கும் மெலிந்தவனுக்கும் இடையே உள்ள வேறுபாட்டை நீக்கிவிடுகிறது. அங்கே முதலில் வந்தவரே முதல்வர்.

நம்மவரும் பிறரும்

இத்தனை நல்ல வழக்கங்கள் உள்ள அதே பெட்டியில் அவற்றுக்கு நேர்மாறானவையும் நடக்கின்றன. அவற்றை நிகழ்த்துபவர்கள் பெரும்பாலும் தீயவர்கள் அல்லர். தம் நண்பர்களிடம் மிகுந்த அன்புடையவர்கள்தாம். இங்கேதான் ஆராய்ந்து பார்க்க வேண்டிய செய்தி இருக்கிறது.

ஆண்டுக்கணக்காக ஒரே ரயிலில், ஒரே பெட்டியில் செல்பவர்களிடையே குழுக்கள் உருவாகின்றன. பிறந்தநாளுக்கு இனிப்பு வழங்குகிறார்கள்; நவராத்திரியின்போது பெட்டியை மாலைகளால் அலங்கரிக்கிறார்கள்; ஒருவர் நோயுற்றால் மற்றவர்கள் சென்று பார்க்கிறார்கள். இவை போற்றத்தக்கவை. ஆனால் அதே குழுவில் முதலில் ஏறும் ஒருவர் கைக்குட்டையையோ செய்தித்தாளையோ விரித்து நான்கு இருக்கைகளைப் பிடித்து வைக்கிறார். அடுத்த நிலையத்தில் ஏறும் மூதாட்டி ஒருவர் காலியான இருக்கையைப் பார்த்து நெருங்கும்போது, "ஆள் வருகிறது" என்ற பதில் கிடைக்கிறது. வரப்போகும் நண்பருக்கு இடம் உண்டு. வந்து நிற்கும் முதியவருக்கு இல்லை. இதை நட்பு என்று சொல்லலாம். பண்பு என்று சொல்ல இயலாது.

வெகுதூரம் செல்லும் விரைவு லோக்கல்களில் இன்னொரு பழக்கம் உண்டு. இடையில் உள்ள நிலையங்களில் ஏற முயல்பவர்களை வாயிலில் நிற்கும் குழுவினர் தடுத்துவிடுகிறார்கள். ஏறிவிட்டவரை அவருடைய நிலையத்தில் இறங்க விடாமல் செய்வதும் உண்டு. "குறைந்த தூரம் செல்பவர்களுக்கு வேறு ரயில்கள் இருக்கின்றனவே" என்பது அவர்கள் கூறும் நியாயம். அதில் சிறிது உண்மையும் இருக்கிறது. சுமார் நூறு கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள கர்ஜத்துக்கோ, அதனினும் தொலைவில் உள்ள கசாராவுக்கோ செல்பவருக்கு வேறு வழியில்லை. தாதரில் ஏறிக் குர்லாவில் இறங்குபவர் அடுத்து வரும் மெதுவான ரயிலில் செல்லலாம். எந்த ரயிலைத் தேர்ந்தெடுப்பது என்பதிலும் பண்பு இருக்கிறது என்பதைக் குறைந்த தூரப் பயணி உணர வேண்டும். ஆயினும், ஒருவர் உணரவில்லை என்பதற்காக அவரைத் தடுக்கும் உரிமை மற்றவருக்குக் கிடைத்துவிடாது. தனக்கென ஒதுக்கப்படாத பெட்டியில் இன்னொரு பயணி முறையாக ஏறுவதைத் தடுப்பது 1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின்படி குற்றமாகும். ஓடத் தொடங்கும் ரயிலின் வாயிலில் தடுக்கப்படுபவருடைய உயிரும் அந்த நொடியில் தடுப்பவருடைய கையில்தான் இருக்கிறது.

நான்காவது இருக்கையும் பிடித்து வைத்த இருக்கையும் ஒரே பலகைதான். முன்னதில் முன்பின் அறியாத ஒருவருக்காக மூவர் சுருங்குகிறார்கள். பின்னதில் அறிந்த ஒருவருக்காக அறியாதவர் அனைவரும் விலக்கப்படுகிறார்கள். அன்பு தன் குழுவின் எல்லையில் நின்றுவிட்டால் அது பெரிதாக்கப்பட்ட சுயநலமாக மாறிவிடும் அபாயம் உண்டு. திருக்குறளில் அன்புடைமைக்கு ஓர் அதிகாரமும் பண்புடைமைக்கு வேறோர் அதிகாரமும் தனித்தனியே வகுக்கப்பட்டிருப்பதை இங்கே நினைவுகூரலாம். நெருங்கியவரிடம் அன்பு எளிதில் சுரக்கிறது. நெருக்கமில்லாதவரையும் மதித்து நடப்பதற்குப் பயிற்சி வேண்டும்.

பக்திக்கும் ஓர் அளவு

இதே சோதனை பக்தர்களுக்கும் உண்டு. மும்பைப் புறநகர் ரயில்களில் பஜனைக் குழுக்கள் நெடுங்காலமாகவே இருந்து வருகின்றன. தாளமும் டோலக்கும் ஒலிக்க, அபங்கங்களைப் பாடிக்கொண்டே அலுவலகம் செல்லும் குழுவினரால் நெரிசலின் துன்பத்தை மறந்தவர்கள் பலர். அதே சமயம், ஒலி மிகுதி பற்றிச் சக பயணிகளிடமிருந்து புகார்கள் எழுந்ததும் உண்டு.

அப்பெட்டியின் மூலையில் இருப்பவர் இரவுப் பணி முடித்துத் திரும்பும் செவிலியாக இருக்கலாம். பரேலில் உள்ள டாட்டா நினைவு மருத்துவமனையில் கடினமான செய்தியொன்றைக் கேட்டுவிட்டு வருபவராக இருக்கலாம். காலையில் தேர்வு எழுதப் போகும் மாணவராக இருக்கலாம். வேறு சமயத்தைச் சார்ந்தவராகவும் இருக்கலாம். கோயிலில் பஜனை பிடிக்காதவர் எழுந்து வெளியே செல்ல முடியும். ஓடும் ரயிலில் அவர் எங்கே செல்வார்? கேட்டே ஆக வேண்டிய நிலையில் இருப்பவருக்குச் செய்யப்படும் பஜனை அவருக்குச் சுமையாகிவிடுகிறது. இறைவனின் பெயரை மெல்லிய குரலில் பாடினாலும் அவன் செவியில் விழும். அயலாருடைய முகம் சுருங்குவதைக் கண்டவுடன் குரலைத் தாழ்த்திக்கொள்பவருடைய பாட்டு, உரக்கப் பாடுபவருடைய பாட்டைக் காட்டிலும் விரைவாகவே அங்கே சென்று சேரும்.

கைப்பேசிக்கும் இது பொருந்தும். காலைப் பாராயணமோ, சொற்பொழிவோ, திரைப்படப் பாடலோ எதுவாயினும், செவிக்கருவி இல்லாமல் ஒலிக்கவிடுவது பிறருடைய அமைதியை அனுமதியின்றி எடுத்துக்கொள்வதாகும். ஒலிப்பது புனிதமானது என்பதால் அச்செயல் சரியாகிவிடாது.

1917-இல் ஒரு பயணம்

இந்தச் சிக்கல் புதியதன்று. தென்னாப்பிரிக்காவிலிருந்து 1915-இல் தாயகம் திரும்பிய காந்தியடிகள் ரயிலில் மூன்றாம் வகுப்பிலேயே பயணம் செய்தார். 1917-ஆம் ஆண்டு செப்டம்பர் 12-ஆம் நாள் பம்பாயிலிருந்து சென்னைக்கு மெயில் ரயிலில் புறப்பட்டார். கட்டணம் 13 ரூபாய் 9 அணா. அப்பெட்டி 22 பேருக்கானது. அதுவும் உட்கார்வதற்கு மட்டுமே. வழியில் இரண்டு இரவுகள். முதலில் உள்ளே இருந்தவர்களுள் துணிச்சல் மிக்கவர்கள் மற்றவர்களை ஏறவிடாமல் அதட்டித் தடுத்தார்கள். ராய்ச்சூரைக் கடந்தபின் அந்தத் தடுப்பும் பலிக்கவில்லை. 35 பேர் வரை அப்பெட்டியில் நெருக்கியடித்துக்கொண்டார்கள். சிலர் அழுக்கடைந்த தரையில் படுத்தார்கள்; சிலர் நின்றுகொண்டே இரவைக் கழித்தார்கள். ஒரு கட்டத்தில் கைகலப்பு மூளும் நிலை உண்டாயிற்று. பயணிகளுள் மூத்தவர் சிலர் குறுக்கிட்டு அதைத் தவிர்த்தார்கள்.

அந்த மாதமே ராஞ்சியிலிருந்து பத்திரிகைகளுக்கு எழுதிய கடிதத்தில் காந்தியடிகள் இவற்றையெல்லாம் பதிவு செய்தார். ரயில்வே நிர்வாகத்தின் புறக்கணிப்பைக் கடுமையாகக் கண்டித்த அவர், பயணிகளின் தூய்மையற்ற பழக்கங்களையும் மறைக்கவில்லை. கல்வியும் வசதியும் உடையவர்கள் தாமே முன்வந்து மூன்றாம் வகுப்பில் பயணம் செய்து நிலைமையைத் திருத்த வேண்டும் என்பது அவருடைய கருத்து.

இந்நிகழ்ச்சியில் இரண்டு பாடங்கள் உள்ளன. நெரிசலுக்குக் காரணம் போதிய ரயில்கள் இல்லாமை. அதைக் கேட்டுப் பெறுவது குடிமக்களின் உரிமை. பயணிகள் பண்போடு நடந்துகொண்டால் போதும் என்று கூறி நிர்வாகத்தின் கடமையை மறந்துவிடக் கூடாது. ஆனால் புதிய ரயில் வரும் வரையில் அந்த இரவைக் கடத்தியாக வேண்டுமே! அன்று அந்தப் பெட்டியில் கைகலப்பைத் தடுத்தது எந்த அதிகாரியின் ஆணையும் அல்ல. நிதானம் இழக்காத சில பெரியவர்களின் சொல். கோபம் தொற்றிக்கொள்வதைப் போலவே நிதானமும் தொற்றிக்கொள்ளும். ஒரு பெட்டியில் நிதானமுள்ளவர் ஒருவர் இருப்பதே எல்லோருக்கும் பாதுகாப்பு.

முதலில் எண்ணப்பட வேண்டியவர்கள்

நெரிசல் எல்லோரையும் ஒரே அளவில் வருத்துவதில்லை. பெண்களுக்கு அது அவமதிப்பின் அச்சத்தையும் சேர்த்துக் கொண்டுவருகிறது. மும்பையில் 1992-ஆம் ஆண்டு மே 5-ஆம் நாள் சர்ச்கேட்டுக்கும் போரிவலிக்கும் இடையே பெண்களுக்கென்றே முழு ரயில் ஒன்று இயக்கப்பட்டதற்கு அந்த அச்சமும் ஒரு காரணம். பெண்கள் பெட்டியின் வாயிலை மறித்து நிற்காதிருப்பதும், கூட்டத்தில் தன் கைகளை மேலே கம்பியில் பிறர் காணும்படி வைத்துக்கொள்வதும் ஆண்களுக்கு உரிய ஒழுக்கமாகும். தவறு நிகழக் காண்பவர் சன்னலுக்கு வெளியே பார்க்கத் தொடங்கிவிட்டால், அவரும் அத்தவறில் பங்கு பெறுகிறார். மாட்டுங்கா நிலையத்தின் நிர்வாகம் முழுவதும் 2017-ஆம் ஆண்டு ஜூலையில் பெண் ஊழியர்களிடம் ஒப்படைக்கப்பட்டபோது அந்நிலையத்தைப் பயன்படுத்தும் பெண்கள் அடைந்த நிம்மதியை இவ்விடத்தில் எண்ணிப் பார்க்கலாம்.

மாற்றுத்திறனாளிகளுக்கான பெட்டியில் கர்ப்பிணிகளும் புற்றுநோயாளிகளும் ஏறிக்கொள்ள அனுமதி உண்டு. உடல்நலமுள்ள ஒருவர் "இரண்டு நிலையம்தானே" என்று அதில் ஏறுவது சிறு தவறுபோல் தோன்றும். அவ்வாறு எண்ணும் இருபது பேர் ஏறிவிட்டால் ஊன்றுகோலுடன் வந்தவர் நடைமேடையிலேயே நின்றுவிடுகிறார். மேலும், எல்லா நோயும் வெளியே தெரிவதில்லை. அமர்ந்திருக்கும் இளைஞரைப் பார்த்து, "நன்றாகத்தானே இருக்கிறாய், எழுந்திரு" என்று அதட்டுவதற்கு முன், "தம்பி, உட்கார வேண்டியிருக்கிறதா?" என்று கேட்பதே முறை.

சுமையோடு வருபவர்களை முகம் சுளிக்காமல் ஏற்பதும் பண்பேயாகும். மீன் கூடையோடு ஏறும் கோலிப் பெண்மணியையும், உணவு அடுக்குகள் நிறைந்த நீண்ட தட்டைத் தலையில் தாங்கிவரும் டப்பாவாலாவையும், தாராவியில் தைத்த பைகளை மூட்டையாகக் கட்டிக் கொண்டுவரும் தொழிலாளியையும் கண்டு மூக்கைப் பொத்துபவர்கள், தங்கள் வீட்டு உணவும் பொருளும் யார் தலைமீது ஏறி வந்தன என்பதைச் சற்றே நினைத்துப் பார்க்க வேண்டும்.

உயிரைக் காக்கும் ஒழுங்கு

பயணப் பண்பு என்பது வெறும் நாகரிகம் மட்டும் அன்று என்பதற்கு மிகப் பெரிய சான்று மும்பையின் தண்டவாளங்களே. 2023, 2024 ஆகிய ஆண்டுகள் ஒவ்வொன்றிலும் மும்பைப் புறநகர் ரயில் பாதைகளில் 2,000-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். தண்டவாளத்தைக் கடக்கும்போது அடிபட்டோரும், ஓடும் ரயிலிலிருந்து விழுந்தோருமே இவர்களுள் மிகுதி. 2025-ஆம் ஆண்டு ஜூன் 9-ஆம் நாள் மும்ப்ரா அருகே வளைவில் இரண்டு ரயில்கள் எதிரெதிரே கடந்தபோது, படிக்கட்டில் நின்றிருந்தவர்கள் கீழே விழுந்தனர். குறைந்தது நால்வர் மாண்டனர்.

வாயிலில் தொங்குபவர் எல்லோரும் வீரம் காட்டுபவர்கள் அல்லர். உள்ளே இடம் கிடைக்காததால் அங்கே நிற்பவர்களே மிகப் பலர். அதனால் உள்ளே இருப்பவர்களுக்கு ஒரு பொறுப்பு உண்டு. இருக்கைகளுக்கு இடையே உள்ள இடைவெளியில் இரண்டடி உள்ளே நகர்ந்து நின்றால் வாயிலில் ஒருவருடைய கால் பெட்டிக்குள் வந்துவிடும். இறங்குவது எளிதாக இருக்கும் என்பதற்காக வாயிலருகிலேயே அசையாது நிற்பவர், அந்த ஒருவரைத் தெரியாமலே வெளியே தள்ளுகிறார். தொங்கிக்கொண்டு வரும் ஒருவரின் கையைப் பற்றி உள்ளே இழுத்துக்கொள்ளும் பயணிகளையும் மும்பை நாள்தோறும் காண்கிறது. அந்தக் கை எந்த மொழி பேசுபவருடையது, எந்தச் சாதியைச் சார்ந்தவருடையது என்று எவரும் கேட்பதில்லை.

துன்பம் வந்த நாட்களில்

2005-ஆம் ஆண்டு ஜூலை 26-ஆம் நாள் சாந்தாகுரூஸ் பகுதியில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை பெய்தது. ரயில்கள் ஆங்காங்கே நின்றன. இடுப்பளவு நீரில் நடந்து வந்தவர்களுக்கு வழிநெடுக மக்கள் தேநீரும் பிஸ்கட்டும் குடிநீரும் வழங்கினர். அறியாதவர்களைத் தம் வீடுகளில் தங்கவைத்தனர். மறு ஆண்டு, 2006 ஜூலை 11-ஆம் நாள் மாலை, மேற்கு ரயில் பாதையில் மாட்டுங்கா ரோடு, மாஹிம் உள்ளிட்ட ஏழு இடங்களில் ரயில் பெட்டிகளுக்குள் குண்டுகள் வெடித்து 180-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். தண்டவாளத்தின் ஓரங்களில் குடிசைகளில் வாழ்ந்த மக்கள் முதலில் ஓடிவந்தார்கள். தம் வீட்டுப் படுக்கை விரிப்புகளையே தூளியாக்கிக் காயமுற்றோரைச் சுமந்து சென்றார்கள்.

அந்நாட்களில் உதவியவர்களும், மற்ற நாட்களில் வாயிலில் முழங்கையால் இடித்துக்கொள்பவர்களும் ஒரே மக்கள்தாம். துன்பம் பெரிதாக வரும்போது மனிதனுக்குள் இருக்கும் நல்லியல்பு தானே விழித்துக்கொள்கிறது. சாதாரணமான ஒரு செவ்வாய்க்கிழமைக் காலையில், எட்டு மணி ரயிலில், எந்த ஆபத்தும் இல்லாதபோதும் அதை விழித்திருக்கச் செய்வதே பயிற்சி. பெரிய தியாகத்துக்கு வாழ்வில் ஒருமுறை வாய்ப்பு வரலாம், வராமலும் போகலாம். சிறிய தியாகத்துக்கு நாளொன்றுக்கு இருமுறை, போகும்போதும் வரும்போதும், வாய்ப்புக் கிடைக்கிறது.

குழந்தைகள் கற்கும் இடம்

இப்பயிற்சி வீட்டிலிருந்தே தொடங்க வேண்டும். ஐந்து வயது நிறைந்த குழந்தைக்கு அரை டிக்கெட் வாங்க வேண்டும் என்பது விதி. பரிசோதகர் கேட்டால் "நாலு வயது என்று சொல்" எனக் குழந்தையின் காதில் ஓதும் பெற்றோர், சில ரூபாய்களை மிச்சப்படுத்தி ஒரு பொய்யைக் கற்பித்துவிடுகிறார்கள். அதே குழந்தையை மடியில் இருத்திக்கொண்டு, அந்த இடத்தை நின்றிருக்கும் ஒருவருக்கு அளிக்கும் தாய், ஒரு சொல்லும் பேசாமல் பெரிய பாடம் ஒன்றை நடத்திவிடுகிறார். விடுமுறையில் திருநெல்வேலிக்கோ நாகர்கோவிலுக்கோ ஊர் திரும்பும் நெடும்பயணத்திலும் இவ்வாறே. நடுப்படுக்கைக்கு உரியவர் இரவு பத்து மணிக்குப் படுக்க விரும்பினால் கீழே இருப்பவர் பேச்சை நிறுத்தி இடமளிக்க வேண்டும். பகலில் கீழ்ப்படுக்கை எல்லோருக்கும் அமர்வதற்கு உரியது. உணவுப் பொட்டலத்தின் இலையும் தாளும் சன்னலுக்கு வெளியே போனால், அவற்றைப் பொறுக்குபவரும் ஒரு மனிதரே என்பதைக் குழந்தைக்குச் சொல்லித் தர வேண்டும்.

2025-இல் தாராவிக்கும் மெட்ரோ நிலையம் ஒன்று வந்துவிட்டது. மெட்ரோவின் கதவுகள் தாமாகவே திறந்து மூடுகின்றன. படிக்கட்டில் தொங்க வழியில்லை. இயந்திரம் கதவை மூடும். நின்றிருப்பவருக்காக நகர்ந்து அமர அதற்குத் தெரியாது. அது எக்காலத்திலும் பயணியின் வேலையாகவே இருக்கும்.

நாள் முடிவில் சிந்திக்க

பயணத்தைத் தம் அகப் பயிற்சியின் ஒரு பகுதியாகக் கொள்ள விரும்புவோர், இரவு உறங்கும் முன் இவ்வைந்து கேள்விகளைத் தமக்குத் தாமே கேட்டுக்கொள்ளலாம்.

1. இன்றைய பயணத்தில் முன்பின் அறியாத ஒருவருக்கு இடமோ, வழியோ, ஒரு நல்ல சொல்லோ அளிக்கப்பட்டதா?

2. தம்மவருக்குச் செய்த உதவியால் வேறு எவரேனும் விலக்கப்பட்டாரா?

3. தம்முடைய பையோ, குரலோ, கைப்பேசியோ, வழிபாடோ பிறருக்குச் சுமையாயிற்றா?

4. கோபம் எழுந்த தருணம் எது? அப்போது நிதானத்தை அங்கே கொண்டுவந்தவர் யார்?

5. தவறு ஒன்றைக் கண்டும் காணாததுபோல் இருந்ததுண்டா?

விடைகள் எல்லாம் முதல் நாளே நிறைவளிக்கும் என்று எதிர்பார்க்க வேண்டியதில்லை. மறுநாள் காலையில் அதே ரயில் வரும். அதே இருக்கையில் மூவர் அமர்ந்திருப்பார்கள்; அருகே ஒருவர் நின்றுகொண்டிருப்பார். அவர் கேட்பதற்கு முன்பே சற்று நகர்ந்துகொள்வதிலிருந்து தொடங்கலாம்.